மூணாறா, போடியா? பயணச் செலவும் பருவநிலையும்

சூரியநெல்லி, சின்னக்கானல், பூப்பாறை வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு பட்டணங்கள் உண்டு. மேற்கே மூணாறு, கிழக்கே மலையிறங்கினால் போடிநாயக்கனூர். கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பது, பிள்ளையை மேல்படிப்புக்குச் சேர்ப்பது, வயதானவர்களை டாக்டரிடம் காட்டுவது என்று எந்தக் காரியமானாலும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "மூணாறு போவோமா, போடிக்கு இறங்குவோமா?" என்பதுதான். கடைசியில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போய்க் குடியிருப்பது என்ற பெரிய கேள்வியும் பல குடும்பங்களில் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் நிற்கிறது.

பெரும்பாலும் பஸ் கட்டணத்தையும் பழக்கத்தையும் வைத்தே நாம் முடிவு செய்கிறோம். மலைநாட்டில் அது பாதிக் கணக்குதான். மழையும் காற்றும் வெயிலும் டிக்கெட்டில் அச்சாவதில்லை. ஆனால் அவற்றுக்கும் சேர்த்தே நாம் பணம் கட்டுகிறோம். அந்த முழுக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூரமும் கட்டணமும்

கொச்சியிலிருந்து மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்கும் தேனிக்கும் மதுரைக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலைதான் நம் உயிர்நாடி. முன்பு 49 என்ற எண்ணில் இருந்த சாலை, இப்போது 85. மூணாற்றிலிருந்து போடிமெட்டு 42 கிலோமீட்டர். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடியை அடைய இன்னும் 26 கிலோமீட்டர். ஆக, இரு பட்டணங்களுக்கும் இடையே 68 கிலோமீட்டர். சூரியநெல்லி இந்தச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. நம் ஊரிலிருந்து மூணாறு உத்தேசமாக 25 கிலோமீட்டர். போடி உத்தேசமாக 50 கிலோமீட்டர். மூணாற்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் போடிக்கு இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும்.

கேரளத்தில் 2022 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்த விகிதப்படி, சாதாரணப் பேருந்தில் முதல் இரண்டரைக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 1 ரூபாய். தமிழ்நாட்டில் 2018 ஜனவரியில் திருத்தப்பட்ட விகிதப்படி, சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு; மலைப்பாதைக்குக் கொஞ்சம் கூடுதல்.

கணவன், மனைவி, அரை டிக்கெட் வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் மூன்று முழு டிக்கெட். மூணாற்றுக்கு ஒரு டிக்கெட் 33 ரூபாய் அளவில் வரும். போக வர மூன்று டிக்கெட்டுக்குச் சுமார் 200 ரூபாய். போடிக்குப் போவதானால் போடிமெட்டு வரை 33 ரூபாய், அதன்பின் இறக்கத்துக்கு 18 ரூபாய் என்று வைத்தால் ஒரு டிக்கெட் 51 ரூபாய். போக வரச் சுமார் 300 ரூபாய். விரைவுப் பேருந்து என்றால் இரண்டுமே கூடும்; பஸ் நிலைகளைப் பொறுத்து இரண்டொரு ரூபாய் மாறும். மற்றபடி, இரட்டிப்புத் தூரத்துக்கு இரட்டிப்புக் கட்டணம் இல்லை. வித்தியாசம் ஏறத்தாழ நூறு ரூபாய்தான்.

நூறு ரூபாய்க்காகவா இத்தனை யோசனை என்று கேட்கலாம். உண்மையான செலவு இனிமேல்தான் வருகிறது.

மூணாற்றுக்குக் காலையில் போனவர் வேலையை முடித்து மதியத்துக்குள் திரும்பி விடலாம். போடிக்குப் போனவருக்கு அன்றைய பொழுது முழுவதும் சரி. கணவன் மனைவி இருவரும் கொழுந்துக் காட்டில் வேலை பார்ப்பவர்கள் என்றால் இரண்டு பேர் கூலி போகிறது. அந்த இழப்பின் முன் பஸ் கட்டணம் ஒன்றுமில்லை. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் ஜீப்புக்கோ தங்குவதற்கோ தனியாகச் செலவு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூணாறு சுற்றுலா ஊர். சித்திரை, வைகாசி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் சாப்பாட்டிலிருந்து ஆட்டோ வரை எல்லாமே வெளியூர்க்காரர் விலைக்கு ஏறிவிடும். பஸ் ஊருக்குள் நுழையவே நெரிசலில் நேரம் போகும். அங்கே விற்கும் காய்கறியிலும் மளிகையிலும் கணிசமானது கிழக்கேயிருந்து மலையேறி வந்ததுதான். ஏற்றுக்கூலியும் அதன் விலையில் அடக்கம். கல்யாணச் சாமான், பள்ளிக்கூடத் துணிமணி, மூன்று மாத மளிகை என்று மொத்தமாக வாங்குகிறவருக்குப் போடியோ தேனியோதான் லாபம். ஒரு மாத்திரை அட்டையும் ஒரு பாங்க் வேலையும் என்றால் மூணாறுதான் லாபம்.

ஒரே மலை, இரண்டு பருவம்

இனி பருவநிலைக்கு வருவோம். மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடியோ மலையடிவாரத்தில் 350 மீட்டர் அளவில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அந்தப்படி பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் எப்போதும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். வெயில் காலத்துப் பகலில் இந்த வித்தியாசம் பத்து டிகிரியையும் எட்டுவதுண்டு. மூணாற்றில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறிய குழந்தை போடியில் இறங்கும்போது வேர்த்து நனைந்து போவதன் காரணம் இதுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள விசித்திரம் அல்ல. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தலைநகரான கீட்டோ, ஆண்டிஸ் மலையில் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே நாட்டின் பெரிய துறைமுகப் பட்டணமான குவாயாகில் கடல் மட்டத்தில் இருக்கிறது. இரண்டும் பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்கள்தான். ஆனால் கீட்டோவில் ஆண்டு முழுவதும் கம்பளிச் சட்டை தேவைப்படும். குவாயாகிலில் ஆண்டு முழுவதும் புழுக்கம். அங்கே ஒருவர் தட்பவெப்பத்தை மாற்ற வேண்டுமானால் மாதம் மாறக் காத்திருப்பதில்லை, பஸ் ஏறுகிறார். நம் போடிமெட்டுப் பாதையும் அப்படிப்பட்டதுதான்.

உயரத்தைவிட முக்கியமானது மழை. ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரை மூணாற்றுப் பக்கமே கொட்டி விடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்று. ஆடி மாதம் மூணாற்றில் அடைமழை பெய்கையில் போடியில் புழுதி பறப்பதும், மலையை ஒட்டிய ஊர்களில் லேசான சாரல் மட்டும் தூவுவதும் இதனால்தான். கேப் ரோட்டைத் தாண்டி நம் பக்கம் வர வர மழை குறைவதை நாமே பார்க்கிறோம். மூணாற்று வட்டாரத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தேனி மாவட்டத்தின் சராசரியோ 800 மில்லிமீட்டரை ஒட்டியதுதான்.

ஐப்பசியில் காட்சி மாறும். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வரும். இப்போது மலையின் கிழக்குமுகம் நனையும். போடிக்கு ஆண்டின் முக்கியமான மழை அப்போதுதான். மண் சரிவும் மரம் விழுவதும் அந்த மாதங்களில் போடிமெட்டு வளைவுகளில் சகஜம். ஆக, ஒரே சாலையின் இரண்டு முனைகளுக்கும் மழைக்காலம் வேறு வேறு. மூணாற்றுப் பாதை கெடும் காலத்தில் போடிப் பாதை நல்லபடி இருக்கும். போடிப் பாதை கெடும் காலத்தில் மூணாற்றுப் பாதை பெரும்பாலும் நல்லபடி இருக்கும். நடுவில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி. அதை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

மழை மாற்றிய பாதை

மழை பாதையை மாற்றும் என்பதற்கு நம் மலையின் சரித்திரமே சாட்சி. தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் நம் முன்னோர் மேற்கேயிருந்து வரவில்லை. கங்காணிமார் அழைத்து வர, போடி வழியாகவும் கொட்டகுடி வழியாகவும் கால்நடையாக மலையேறி வந்தார்கள். தேயிலையும் அந்த வழியாகத்தான் இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கட்டித் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. பிறகு தூத்துக்குடித் துறைமுகம்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த மழையில் ரயில் பாதை அடியோடு போயிற்று. அது மறுபடி கட்டப்படவே இல்லை. 1930களில் நேரியமங்கலம் வழியாக ஆலுவாய்க்கு நல்ல சாலை வந்தது. 1935-ல் நேரியமங்கலம் பாலமும் திறந்தது. தேயிலை மேற்குப் பக்கம் திரும்பியது. அதுவரை போடியைப் பார்த்துக்கொண்டிருந்த மூணாறு, கொச்சியைப் பார்க்கத் தொடங்கியது. 1956 நவம்பரில் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதும் நம் இரண்டு பட்டணங்களும் முன்போலவே இரண்டு மாநிலங்களில் நின்றன. இன்றைக்கு ஒரே பயணத்தில் நாம் இரண்டு விகிதத்தில் கட்டணம் கட்டுவது அதன் தொடர்ச்சிதான்.

அண்மைக்கால உதாரணங்களும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. 2019, 2020 ஆண்டுகளில் கேப் ரோட்டில் பாறைகள் சரிந்து பாதை நீண்ட காலம் அடைபட்டது. அப்போது மூணாற்றுக்குப் போக வேண்டியவர்கள் ராஜகுமாரி, ராஜாக்காடு, குஞ்சித்தண்ணி என்று சுற்றிக்கொண்டு போனார்கள். தூரம் கூடியது, கட்டணம் கூடியது, நேரமும் கூடியது. அரசாங்கம் ஒரு காசு ஏற்றாமலே மழை பஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டது! சாலையை அகலப்படுத்தும் வேலை முடிந்து, மூணாறு–போடிமெட்டுப் பாதை 2024 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. சாலை அகலமானாலும் மலை அதே மலைதான்.

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. மழை என்பது நமக்குக் குடை பிடிக்கும் விஷயம் மட்டுமல்ல என்பதை அந்த இரவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

எந்த மாதம் எந்தப் பக்கம்?

மேலே சொன்னவற்றை வைத்து நம் குடும்பங்களுக்கு ஒரு வருஷத் திட்டத்தைத் தரலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: தள்ளிப்போட முடியாத பெரிய வேலைகளுக்குக் கிழக்கே இறங்குவது நல்லது. போடியில் காற்று பலமாக இருக்கும். கண்ணில் தூசி விழும். ஆனால் பாதை இருக்கும். பள்ளி திறக்கும் செலவுகள் ஜூனில் வருவதால் துணிமணி, நோட்டுப் புத்தகங்களை மே மாதக் கடைசியிலேயே வாங்கி வைப்பது மேல். மூணாற்றுக்குப் போயே ஆக வேண்டுமானால் முதல் நாளே பாதை நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை: இப்போது தலைகீழ். தீபாவளி ஜவுளிக்குப் போடிக்குப் போகிறவர்கள் பண்டிகைக்கு முந்தைய வாரம் வரை காத்திருக்க வேண்டாம். மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு நாள் போய்வந்தால் கூட்டமும் இல்லை, சரிவுப் பயமும் குறைவு. சில்லறை வேலைகளை மூணாற்றில் முடித்துக்கொள்ளலாம்.

மார்கழி, தை: இரு பாதைகளும் நன்றாக இருக்கும். ஆனால் மூணாற்று வட்டாரத்தில் பனி கடுமை. 2019 ஜனவரியில் பல எஸ்டேட்டுகளில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் புல்வெளிகள் வெள்ளையாக உறைந்தன. ஆஸ்துமா, மூட்டுவலி உள்ள பெரியவர்களை அதிகாலைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். இந்த இரண்டு மாதங்கள்தான் போடி, தேனிப் பக்கம் பகல் இதமாக இருக்கும் காலம். பூர்வீக ஊருக்குப் போக, பெண் பார்க்க, இடம் பார்க்க எல்லாவற்றுக்கும் உகந்தது.

பங்குனி, சித்திரை: கேரளப் பள்ளிகளுக்கு விடுமுறை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு நம் குடும்பங்கள் திரளாக இறங்குகின்றன. அது கடும் வெயில் காலம் என்பதை மறக்கக் கூடாது. மலைக்குளிரில் பழகிய உடம்பு இரண்டு மணி நேரத்தில் பத்து டிகிரி வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கிறது. அதிகாலையில் இறங்குங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும், வளைவுகளில் குமட்டாமலிருக்க வயிற்றுக்கு லேசாகச் சாப்பிடுங்கள்.

எந்த மாதமானாலும் இருட்டிய பிறகு ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதியில் நடப்பதையும் இரு சக்கர வண்டியில் போவதையும் தவிருங்கள். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் இந்தக் காட்டில் அது மட்டுமே யானை அல்ல.

மதுரையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் பூர்வீகம் உள்ளவர்களுக்குப் போடி வெறும் பட்டணம் அல்ல, ஒரு வாசல். 2011 தொடக்கத்தில் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூன் 15 முதல் போடி வரையிலும் திரும்ப வந்தது. அன்றே சென்னைக்கும் போடியிலிருந்து ரயில் தொடங்கியது. மூட்டை முடிச்சோடு போகும் குடும்பத்துக்கு ரயில் கட்டணம் பஸ்ஸைவிடச் சிக்கனம். மூணாற்றுப் பக்கமிருந்து ரயில் ஏற வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி ஆலுவாய்க்குப் போக வேண்டும்.

இன்னொரு சலுகையும் உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த மாநிலத்துக் குடும்ப அட்டை என்று பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை. போடியில் இறங்கித் தேனிக்குப் போகும் நம் தாய்மார்கள் நகரப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் அந்தச் செலவு மிச்சம்.

வைத்தியம் என்றால் கணக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேற்கே பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமானால் கொச்சி, கோட்டயம் வரை போக நேரும். மூணாற்றிலிருந்து கொச்சியே 130 கிலோமீட்டர். கிழக்கே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில், தேனியை அடுத்து இருக்கிறது. தூரம் என்று பார்த்தால் கிழக்குதான் வசதி. ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்த மாநிலக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கானது. கேரள அட்டை வைத்திருப்பவர் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் காப்பீடு செல்லும் என்று முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால், பஸ்ஸில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய்க்குப் பதில் ஆயிரக்கணக்கில் கைவிட்டுப் போகும்.

வேலை முடிந்த பிறகு எங்கே?

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். ஓய்வு பெறும்போது கையில் வரும் பி.எஃப்., கிராஜுவிட்டித் தொகைதான் பலருக்கு ஆயுள் சேமிப்பு. அதைக் கொண்டு போடி, தேனிப் பக்கம் இரண்டு சென்ட் வாங்குவதா, இல்லை பிள்ளைகள் இருக்கும் மலையிலேயே வாடகைக்கு இருப்பதா?

போடிப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: முதல் மார்கழி சொர்க்கம், முதல் சித்திரை நரகம். முப்பது நாற்பது வருஷம் குளிரில் வேலை செய்த உடம்புக்கு இரவிலும் விசிறி இல்லாமல் தூக்கம் வராது. தண்ணீருக்கும் கரண்டுக்கும் மாதாமாதம் செலவு. இருந்தாலும் ஆஸ்பத்திரி பக்கம். சொந்த பந்தம் பக்கம். பேச்சு நம் பேச்சு. மலையில் தங்கியவர்களுக்கு விசிறிச் செலவு இல்லை. ஆனால் விறகும் கம்பளியும் ஒழுகும் கூரையும் மழை மாதங்களில் வேலையில்லாத நாட்களும் உண்டு. வயது ஏற ஏற ஈரக்காற்று மூட்டுகளைத் தேடி வரும். இரண்டிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

நம் யோசனை இது. சேமிப்பை இடத்தில் போடுமுன், போடிப் பக்கம் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். குறைந்தபட்சம் ஒரு சித்திரை மாதமும் ஒரு ஐப்பசி மாதமுமாவது அங்கே தங்குங்கள். தையில் போய் இடம் பார்த்துத் தையிலேயே அட்வான்ஸ் கொடுப்பது, பெண்ணை விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடிப்பது போலத்தான். கிணறு வற்றுகிறதா, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பவற்றை வெயிலிலும் மழையிலும் பார்க்க வேண்டும். மலையிலேயே இருப்பது என்று தீர்மானித்தால் பட்டயம் சரியாக உள்ள இடமா, மேலே சரிவு உள்ள இடமா என்பதை முதலில் பாருங்கள். வாடகை குறைவு என்பதற்காக ஓடைக்கரையிலும் மண் வெட்டிய மேட்டின் அடியிலும் குடியேறாதீர்கள்.

முடிவு செய்வது குடும்பத்தின் வேலை. ஆனால் அந்த முடிவை வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து எடுங்கள். வெயிலும் பனியும் அவர்கள் உடம்பில்தான் முதலில் விழும். இளையவர்கள் பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். எந்த மாதத்தில் எந்தப் பாதை அடைபடும் என்று முதியவர்கள் சொல்லட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வீட்டில் பணமும் மிஞ்சும், உடம்பும் மிஞ்சும்.